இலை உருவிய நாரத்தை

“கை நடுங்குது, சாமி. நிப்பாட்டிக் கொடுங்க.”

சீனியம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அகலமான கைகள். விரல் நுனிகள் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

கல்மடத்துச் சாமி அந்தக் கைகளைப் பார்த்தார். தொடவில்லை.

“எப்ப இருந்து?”

“கனகு போன பெறகு.”



சீனியம்மாள் மருத்துவச்சி. மலையடிவாரத்து ஊர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். கல்மடத்துச் சாமியும் அப்படித்தான். பரமன் என்று பெயர் வைப்பதற்கு முன்னாலேயே அவரைத் தெரியும் அவளுக்கு. கால் முன்னே வந்த பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்து வந்தார். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி அழவைத்தவள் அவள். அந்தப் பிள்ளை வளர்ந்து, வாலிபத்தில் வீட்டை விட்டு, மலைமேல் பாழடைந்து கிடந்த கல்மடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது ஊர் ஜனம் மலையேறிப் போய் அவரிடம் வழி கேட்கிறது.

அவளும் ஏறி வந்துவிட்டாள்.

கனகு அவளுடைய ஒரே மகள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாள். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோது சீனியம்மாள் ஒரு வீட்டில் பேறு பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உச்சி தெரிந்துவிட்ட நேரம். விட்டுவிட்டு எப்படி ஓடுவது? பிள்ளையை எடுத்து, கொடியை அறுத்து, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்து, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். போய்ச் சேர்ந்தபோது கனகின் தலைமாட்டில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே யாரோ கதவைத் தட்டினார்கள். போனாள். பிறகு இன்னொருவர் தட்டினார். அதற்கும் போனாள். யாரையும் இல்லையென்று அனுப்பவில்லை. “இரும்பு மனுஷி” என்றது ஊர்.

போன வாரம் கொடியை அறுக்கும்போது கத்தி ஆடியது. பின்னால் நின்ற பாண்டியம்மாள் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தி அறுத்தாள். பாண்டியம்மாள் வருஷக்கணக்காக அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவள். அவள் அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் இனி இந்தக் கையை நம்ப முடியாது என்று சீனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஒரு மூலிகை, ஒரு மந்திரம், ஏதாச்சும் கொடுங்க சாமி. மாசம் நெறைஞ்சவளுக கீழே இருக்காளுக. நான் இன்னைக்கே எறங்கணும்.”

“சாப்பிட்டியா, ஆத்தா?”

“அது கெடக்கட்டும்.”

“சங்கிலி,” என்று சாமி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ஆத்தாவுக்குக் கஞ்சி.”

*

சங்கிலி மடத்தில் சமைக்கிறவர். ஒரு காலத்தில் வண்டியோட்டி. சாமி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசிவிடுவார்.

கஞ்சியைக் குடித்துவிட்டுக் கை கழுவ வெளியே வந்தாள் சீனியம்மாள். உச்சி வெயில். மடத்துக் கொல்லையில் பூசணிக் கொடி படர்ந்திருந்தது. இலைகளெல்லாம் நனைந்த துணிபோலத் தொங்கிக் கிடந்தன.

“அய்யய்யோ,” என்று குடத்தைத் தூக்கினாள்.

சாமி வந்து குடத்தின் வாயில் கையை வைத்து மூடினார்.

“வாடிக் கெடக்கு சாமி.”

“மண்ணைத் தொட்டுப் பாரு.”

தொட்டாள். ஈரமாக இருந்தது. காலையில் விட்ட தண்ணீர் இன்னும் காயவில்லை.

“ஈரம் இருக்கு. பெறகு ஏன் வாடுது?”

சாமி உள்ளே போய்விட்டார்.

சங்கிலிதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். “வேர் உறிஞ்சுறது ஒரு கணக்கு தாயி. எலை விடுறது இன்னொரு கணக்கு. எலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத வாயி இருக்காம். அது வழியா ஈரம் போய்க்கிட்டே இருக்குமாம். உச்சி வெயில்ல வர்றதைவிடப் போறது முந்திக்கிரும். நானும் வந்த புதுசுல மனசு கேக்காம ஊத்தி ஊத்தி, ஒரு கொடியை வேரோட அழுக வச்சவன்தான்.”

“எனக்கு என்னத்துக்கு இந்தக் கதையெல்லாம்? நான் கைக்கு மருந்து கேட்டு வந்தவ.”

“அதுவுஞ் சரிதான்,” என்றார் சங்கிலி.

வெயில் சாய்ந்தபோது பார்த்தாள். பூசணி இலைகள் விரித்த குடைகள் மாதிரி நிமிர்ந்து நின்றன. யாரும் தண்ணீர் விடவில்லை.

அவள் கிளம்பத் துணிமூட்டையை எடுத்தாள்.

“நாளைக்கு ஒரு வேலை இருக்கு, ஆத்தா,” என்றார் சாமி. “கை வேணும்.”

“ஆடுற கைதான் இருக்கு.”

“அது போதும்.”

*

மடத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்கரையில் ஒரு நாரத்தை மரம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அடர்ந்த பச்சை. கிளைக்குக் கிளை பிஞ்சு. மலையேறி வருகிறவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள்.

போன மழையில் கரை பாதி இடிந்துபோயிருந்தது. மரத்தின் வேர்கள் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கின. இன்னொரு மழைக்குக் கரை தாங்காது. மரமும் கரையோடு போய்விடும்.

“மேலே கொண்டுபோய் வைக்கணும்,” என்றார் சாமி.

மூன்று பேரும் மரத்தைச் சுற்றிக் குழி பறித்தார்கள். சங்கிலி கடப்பாரை போட்டார். சாமி மண்வெட்டி பிடித்தார். சீனியம்மாள் வேருக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டு, மண் உதிராமல் தாங்கினாள். அது அவளுக்குப் பழக்கப்பட்ட வேலை. கண்ணால் பார்க்காமல் கையால் பார்க்கிற வேலை.

தூரத்தில் ஓடிய வேர்களை அறுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் அறுபடும்போது அவளுக்குச் சுருக்கென்றது.

வேர்ப்பந்தைச் சாக்கில் கட்டி, கழியில் கோத்து, மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மடத்துக்குக் கிழக்கே வெட்டி வைத்திருந்த குழியில் இறக்கி, மண் தள்ளி, மிதித்து, தண்ணீர் விட்டார்கள். மரம் ஓடைக்கரையில் நின்றதுபோலவே நின்றது. ஒரு இலைகூட உதிரவில்லை.

சீனியம்மாளுக்கு மனசு நிறைந்தது. “பொழைச்சுக்கிரும்,” என்றாள்.

சாமி அரிவாளை அவளிடம் நீட்டினார்.

“எலையை எல்லாம் எடுத்துரு, ஆத்தா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். பிஞ்சையும்.”

அவள் அரிவாளை வாங்கவில்லை.

“வேர்ல பாதியை அறுத்தாச்சு. எலையையும் எடுத்துட்டா அதுக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்?”

சாமி அரிவாளை நீட்டியபடியே நின்றார்.

“எத்தனை பேரு இதோட நெழல்ல உக்காந்து போறாங்க. பிஞ்சு இப்பத்தான் புடிச்சிருக்கு. நான் மாட்டேன்.”

“சரி,” என்றார் சாமி. அரிவாளைச் சுவர் ஆணியில் மாட்டினார். “இனி இது உன் பாடு.”

“தண்ணிக்கா பஞ்சம்? ஓடை ஓடுது. நான் பாத்துக்கிறேன்.”

அன்றும் அவள் மலையிறங்கவில்லை.

*

மறுநாள் மத்தியானம் இலைகள் தொங்கின. உச்சி வெயிலுக்கு எல்லாந்தான் தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும் என்று இருந்தாள்.

சாயங்காலம் நிமிரவில்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். ஏறினாள். ஊற்றினாள். மறுபடி இறங்கினாள். கை ஆடியதில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. அதற்காக இன்னொரு நடை போனாள்.

அடுத்த நாள் இலைகள் ஓரம் சுருண்டன. அதற்கடுத்த நாள் குழல்போல மடங்கிக்கொண்டன. பச்சை போய்ச் சாம்பல் பூத்தது. பிஞ்சுகள் சுருங்கின.

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சங்கிலி ஒத்தாசைக்கு வந்தபோது வேண்டாமென்றாள். உட்கார்ந்து சாப்பிடவில்லை. படுத்தாலும் கண் மூடவில்லை. கீழே வீட்டிலும் அவள் தூங்கி நெடுநாள் ஆகியிருந்தது. எந்த நேரமும் கதவு தட்டப்படும் என்று ஒரு காது விழித்தே இருக்கும். இங்கே தட்ட யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் காது மூடவில்லை.

சாமி அந்தப் பக்கமாகப் போனார், வந்தார்.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

“பரமா!”

சாமி என்ற பேச்சு போய்விட்டது.

“கண்ணு முன்னாடி ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்கு. நீ பாத்துக்கிட்டு நிக்கிற. நீல நெறமா வந்து விழுந்தியே, அன்னைக்கு நான் உன்னை இப்படி நின்னு பாத்திருந்தா நீ இருப்பியா?”

“இருந்திருக்க மாட்டேன், ஆத்தா.”

“பெறகு?”

“அன்னைக்கு எனக்கு என்ன ஊத்துன?”

“ஊத்துறதா? என்னத்தை ஊத்துறது? கழுத்துல கொடி இறுக்கிக் கெடந்துச்சு. மொதல்ல அதை அவுத்தேன்.”

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.

சாமி அரிவாள் தொங்கிய சுவர்ப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நடந்து போய்விட்டார்.

சீனியம்மாள் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்ணுக்குள் கையை விட்டாள். கை மணிக்கட்டுவரை இறங்கியது. மண் இல்லை, குழம்பு. இன்னும் ஆழத்தில் விரலுக்கு ஒரு வேர் தட்டுப்பட்டது. அறுபட்ட நுனி. மழுங்கலாக, மொட்டையாக இருந்தது. சின்னப் பிள்ளையின் விரல் மாதிரி.

அதைத் தடவிக்கொண்டே நெடுநேரம் இருந்தாள்.

“தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத் தாகத்துல சாகுதே,” என்றாள். அருகில் யாரும் இல்லை. “குடிக்கிறதுக்கு வாயி எங்க இருக்கு இதுக்கு?”

மேலே நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை இலை! அத்தனையும் விட்டுக்கொண்டிருக்கின்றன. இருக்கிறதையெல்லாம் வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

எழுந்தாள். அரிவாளை எடுக்கவில்லை. கையாலேயே முதல் இலையைக் கிள்ளினாள்.

நாரத்தை மணம் மூக்கில் ஏறியது.

*

உச்சியிலிருந்து தொடங்கினாள். கிளைநுனிகள் முள்ளாகக் குத்தின. கை ஆடியதால் இன்னும் குத்தின. பாதகமில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். பிஞ்சுகளை மட்டும் கொஞ்சம் தயங்கி எடுத்தாள்.

சாமி பனையோலைத் தடுக்குகளைச் சுமந்துகொண்டு வந்தார். நான்கு கம்பு நட்டு, மரத்துக்கு மேற்கிலும் தலைக்கு மேலும் நிழல் கட்டத் தொடங்கினார்.



பிறகு அவள் பேசினாள். சாமியைப் பார்த்துச் சொன்னாளா, மரத்தைப் பார்த்துச் சொன்னாளா தெரியாது.

“கனகுக்கு நாரத்தை ஊறுகா இருந்தாப் போதும். கொழம்பு கேக்க மாட்டா.”

ஒரு இலை.

“அவளை நானே பெத்து நானே அறுத்தேன். மழை. ஓடை தாண்டி யாரும் வர முடியல. வலி வந்துருச்சு. கத்தியைச் சுட வச்சுப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். ஊருக்கே பாத்தவளுக்கு அன்னைக்குப் பாக்க ஆளில்லை.”

சாமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“அழுகைச் சத்தம் பெருசாக் கேட்டுச்சு. பயந்துபோயிட்டேன். அம்புட்டுச் சத்தம் இம்புட்டு உடம்புல இருந்து.”

இன்னொரு இலை.

“கடைசியில நான் போறப்ப அந்த வீட்டுல சத்தமே இல்லை.”

அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். கனகு பல் முளைத்தது, கனகு மாட்டுக்குப் பயந்தது, கனகு புருஷன் வீட்டுக்குப் போகிற அன்றைக்கு வண்டியில் ஏறாமல் அடம்பிடித்தது. காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர் அன்றைக்கு வந்துகொண்டே இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது மரம் வெறும் குச்சிகளாக நின்றது. சுற்றிலும் தரையெல்லாம் பச்சையும் சாம்பலுமாக இலை.

சங்கிலி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். “மொட்டையாப் போச்சே தாயி.”

சீனியம்மாளுக்கும் பார்க்கச் சகிக்கவில்லை.

“எலை இல்லாமலே நின்னுருமா, சாமி?”

“வேர் புடிச்சா மரமே எலை விடும்.”

“புடிக்கலைன்னா?”

சாமி கடைசி முடிச்சை இறுக்கினார். “தெரியாது, ஆத்தா.”

*

சில நாள் கழித்துக் காலையில் ஒருவன் மூச்சிரைக்க மலையேறி வந்தான். அழகுமலை. கீழூரில் புதிதாகக் கல்யாணமானவன். அவனையும் எடுத்தவள் சீனியம்மாள்தான்.

“பெரியம்மா, அவளுக்கு வலி வந்துருச்சு. தலைப்பிரசவம். உங்களைத் தேடி வீட்டுக்குப் போனேன். இங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க. கெளம்புங்க.”

சீனியம்மாள் எழுந்துவிட்டாள். யோசித்து எழவில்லை. கால் தானாக எழுந்தது. துணிமூட்டையிலிருந்து பையை எடுத்தாள். கத்தி, நூல், பழந்துணி எல்லாம் அதில்தான் இருந்தன. பையின் கயிறு அவள் கையில் ஆடியது.

நின்றாள்.

சாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“வலி எப்ப எடுத்துச்சு?” என்று கேட்டாள்.

“விடியக்காலையில.”

“அப்ப இன்னும் நேரம் இருக்கு. பாண்டியம்மாளைக் கூப்பிட்டுக்கிட்டுப் போ.”

அழகுமலைக்கு விளங்கவில்லை. “நீங்க?”

“நான் வரல.”

“என்ன பெரியம்மா சொல்றீங்க? பாண்டியம்மா பை தூக்குறவ.”

“ஆறு வருஷமாத் தூக்குறா. கண்ணை மூடிக்கிட்டா தூக்குனா?”

“எங்கம்மா கேக்காது. நீங்கதான் வரணும்னு சொல்லி விட்டுச்சு.”

“உங்கம்மாகிட்டச் சொல்லு, என் கை சரியில்லைன்னு.”

அவள் அதை அதுவரை வாய்விட்டு ஊராரிடம் சொன்னதில்லை.

அழகுமலை அவள் காலில் விழப்போனான். அவள் பின்வாங்கினாள். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. “ஊர்ல அத்தனை வீட்டுக்கும் போன கை. எங்க வீட்டுக்கு மட்டும் இல்லையா? எம்பொண்டாட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்.”

சீனியம்மாளின் முகம் வெளுத்தது. ஒரு நொடி அவள் கிளம்பிவிடுவாள் என்றுதான் சங்கிலி நினைத்தார்.

அவள் பையை அவன் கையில் கொடுத்தாள்.

“இதைக் கொண்டுபோய்ப் பாண்டியம்மாகிட்டக் கொடு. நான் கொடுத்தேன்னு சொல்லு. கத்தியை நல்லாச் சுடவச்சுக்கச் சொல்லு. அவசரப்பட்டு இழுக்க வேணாம்னு சொல்லு. போ. நின்னு பேசுற நேரம் உன் பொண்டாட்டியோடது.”

அவன் பையோடு ஓடினான்.

அவன் தலை பாறைக்குப் பின்னால் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். திடீரென்று, “சாமி, நான் போயிருக்கணும்,” என்றாள்.

சாமி கல் பொறுக்கிய அரிசியை முறத்தோடு அவளிடம் நீட்டினார். “ஒருதடவை பாரு. எனக்குக் கண்ணு பத்தல.”

அவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. அரிசியும் கண்ணில் படவில்லை.

பொழுது நகரவே இல்லை. மத்தியானம் பாதைவரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். பாண்டியம்மாள் இந்நேரம் என்ன செய்வாள், தலை திரும்பியிருக்குமா, அந்தப் பெண்ணுக்கு இடுப்பு சிறுசாயிற்றே என்று வாய்க்குள்ளேயே பேறு பார்த்தாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கீழிருந்து விறகுக்காரன் ஒருவன் ஏறி வந்தான். “கீழூர்ல அழகுமலைக்குப் பொட்டப்புள்ள,” என்றான். “கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வந்துச்சாம். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.”

“பாண்டியம்மா?”

“அது வாசல்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. பயத்துல அழுததா சந்தோசத்துல அழுததான்னு தெரியல.”

சீனியம்மாள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிப் போனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மடத்துச் சுவரில் சாய்ந்து, கனகு கனகு என்று அடிவயிற்றிலிருந்து அழுதாள்.

விறகுக்காரன் பதறினான். “நல்ல சேதிதானே சொன்னேன்?”

சங்கிலி அவன் தோளைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சாமி எழவில்லை. அவள் அழுது ஓயும்வரை கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை அவளுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் அதை முழுக்கக் குடித்தாள்.

*

மழை பிடித்தது. ஓடை இரைந்துகொண்டு வந்தது. நாரத்தை நின்ற கரை ஒரு ராத்திரியில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மேட்டில் மரம் குச்சிகளோடு நின்றது. இருக்கிறதா, செத்துவிட்டதா என்று சொல்ல முடியாது. சங்கிலி மட்டும் தினமும் ஒரு கிளையை நகத்தால் கீறிப் பார்ப்பார். “உள்ளுக்குள்ள பச்சை இருக்கு தாயி,” என்பார்.

சாமி அவள் தங்கியிருந்த அறைக்கு வாசலில் ஓர் ஓலைத் தடுக்கைத் தொங்கவிட்டார். பாதையிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மருத்துவச்சியைத் தேடி இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லாருக்கும் சாமி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“இங்க மருத்துவச்சி யாரும் இல்லை. பாண்டியம்மா வீடு கீழே.”

சீனியம்மாள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் வந்தவருக்கு எழுந்து உட்கார்ந்தாள். அடுத்து வந்தவருக்குத் தலையை மட்டும் தூக்கினாள்.

ஒருமுறை பாண்டியம்மாளே வந்தாள். ஒரு பிள்ளை குறுக்கே கிடந்ததாம். எப்படித் திருப்பினேன் என்று கைகளை வீசி வீசிச் சொன்னாள். சீனியம்மாள் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போகும்போது பாண்டியம்மாள் பையைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

“இருக்கட்டும்,” என்றாள் சீனியம்மாள். “உங்கிட்டயே இருக்கட்டும் இப்போதைக்கு.”

“எப்பம்மா வருவீங்க?”

“தெரியலடி.”

கை இன்னும் ஆடியது. சில நாள் குறைவாக. சில நாள் கூடுதலாக. அவள் அதைப் பற்றிச் சாமியிடம் மறுபடி கேட்கவில்லை.

*

ஒருநாள் மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சீனியம்மாள் பாயில் சாய்ந்திருந்தாள். பல்லி ஒன்று கூரை மோட்டில் சத்தமிட்டது. தூரத்தில் ஓடை.

வெளியே சங்கிலியின் குரல் வெடித்தது.

“தாயி! தாயி, ஓடியாங்க! துளிர் விட்டிருக்கு! அடிக்கிளையில, கணுவுல, இந்தா, செவப்பா!”

“சத்தம் போடாத,” என்றது சாமியின் குரல்.

“தாயி வந்து பாக்க வேணாமா? அது கையால உருவுன மரம்.”

“ஆத்தா தூங்குது.”

“எழுப்புறேன் சாமி. சந்தோசப்படும்.”

“தூங்கட்டும்.”

சீனியம்மாள் தூங்கவில்லை. எல்லாம் கேட்டது. முதல் குரலுக்கே அவளுடைய கை தரையில் ஊன்றிவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அந்தக் கை அப்படித்தான் ஊன்றும். உடம்பு அதற்குப் பின்னால் எழும்பும்.

ஓலைத் தடுக்கின் இடுக்கு வழியாக வெயில் பாயில் கோடு போட்டிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் ஊன்றிய கையோடு இருந்தாள்.

பிறகு கையை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.